டீச்சரம்மாவின் மூத்தவள்

டீச்சரம்மா தொண்ணூறு தாண்டிக் காலமானபோது, ஊரில் பாதிப் பேர் அவரிடம் கையெழுத்து பழகியவர்களாக இருந்தார்கள். ஒரே அறைப் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புக்கும் பாடம் எடுப்பது அவர்தான், மணி அடிப்பது அவர்தான், மழை வந்தால் ஒழுகுகிற இடத்தில் வாளி வைப்பதும் அவர்தான். பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பாத வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். அனுப்புகிறேன் என்று அப்பன்காரன் வாயால் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டார். சொந்த வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம். தலை நரைத்த மகன்கள்கூட அவர் எதிரில் குரலை உயர்த்தியதில்லை.

மூத்த மகள் மட்டும் படிக்கவில்லை. "அவளுக்குப் படிப்பு ஏறல" என்பார்கள் வீட்டில். டீச்சரம்மா அதை ஆமோதித்ததும் இல்லை, மறுத்ததும் இல்லை. கடைசிவரை அம்மாவைக் குளிப்பாட்டி, சோறூட்டியது அந்த மகள்தான்.

பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். பாலம் கட்டும் என்ஜினியரான கடைக்குட்டி மகன் பேசுவதாக இருந்தது. கூட்டம் தொடங்கும் முன் ஒரு பெண்மணி அவனிடம் வந்தாள். செங்கல் சூளைக்காரரின் மகள், வேறோர் ஊரில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்.

"எங்கப்பா என்னைப் பள்ளிக்கூடத்துலேருந்து பாதியில நிறுத்தினப்போ, எனக்காகச் சண்டை போட வந்தாங்க டீச்சர்" என்று சிரித்தாள். "அப்பா ஒரே கேள்விதான் கேட்டாரு. 'அனுப்பறேன் டீச்சர். உங்க பெரிய பொண்ணு எத்தனாவது படிக்குது?' பாவம், எழுந்து போயிட்டாங்க. என்ன செய்வாங்க? உங்கப்பா தவறிட்டாரு, நீங்க கைக்குழந்தை. பார்த்துக்க ஆள் வேணாமா? அதான் உங்கக்காவை வீட்டுல நிறுத்திட்டாங்க. நல்லாப் படிக்கிற பொண்ணு. என் பக்கத்துல உட்கார்ந்து எனக்குக் கணக்கு சொல்லித் தந்தவங்க."

அந்தக் கைக்குழந்தை அவன்தான்.

மேடையேறியதும் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. ஊர்ப் பெண்களையெல்லாம் படிக்கவைத்த அம்மா, தன் மகளை மட்டும் கைக்குழந்தையாக இருந்த தனக்காக வீட்டில் நிறுத்திவிட்டாள் என்று சொல்லும்போதே குரல் உடைந்தது. தான் படித்த படிப்பெல்லாம் அக்காவிடமிருந்து பிடுங்கியது என்றான். கூட்டத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் கொடியிலிருந்து அம்மாவின் புடவைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா பாதியில வந்துட்ட?"

"அம்மா படுக்கையில விழுந்தப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. 'ஒரு வருஷம்தான்னு சொல்லி உன்னை ஏமாத்திட்டேன்டி'ன்னு. எனக்கு ஆத்திரம் தீர ரொம்ப நாளாச்சு. கடைசியில, போதும்மா விடுன்னு மனசாரச் சொல்லித்தான் அனுப்பி வெச்சேன். எங்களுக்குள்ள முடிஞ்சத நீ மைக் பிடிச்சு ஊருக்கே சொல்லிட்ட."

"மனசு தாங்கலக்கா."

"தாங்கலைன்னா என்கிட்ட வந்திருக்கணும். உன் பாரத்தை இறக்கி அம்மா தலையில வெச்சுட்ட."

அவன் சுவரோரம் உட்கார்ந்தான். அவள் இன்னொரு புடவையை உதறினாள்.

"படிப்பு ஏறாத அக்கான்னு உன் சிநேகிதங்ககிட்டச் சொல்லிச் சிரிப்பியே. நான் பக்கத்துல நின்னு தண்ணி ஊத்திட்டிருப்பேன். அது அம்மா பண்ணதில்லையே தம்பி."

உண்மைதான். ஒருமுறையா, இரண்டுமுறையா. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அந்த நகைச்சுவையைச் சொல்லியிருக்கிறான். எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். மேடையில் அத்தனை பேசியவனுக்கு இது நினைவுக்கு வரவே இல்லை.

"அக்கா..." என்றான்.

"இப்ப ஒண்ணும் சொல்லாத. இப்ப சொன்னா அதுவும் மேடைப்பேச்சு மாதிரிதான் இருக்கும்."

வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பிய பிறகு வாரம் தவறாமல் போன் செய்கிறான். அவன் பிள்ளைகளை அக்கா விசாரிக்கிறாள், கூரை ஒழுகுவதைப் பற்றிச் சொல்கிறாள். அவன் அந்தச் சிரிப்பைப் பற்றிப் பேச்செடுக்க நினைப்பான். அதற்குள் "சரி, உடம்பைப் பார்த்துக்கோ" என்று அவள் வைத்துவிடுகிறாள்.