நாற்றம்: ஐந்துக்கு நான்கு

அருவருப்புப் படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். உணவகங்களின் சமையலறைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்து, குளிர்பெட்டிக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் எலியை வாசலில் நின்றே கண்டுபிடிப்பது என் வேலை. சுகாதார அலுவலகத்தில் எனக்கு மூக்கம்மா என்று பெயர். உணவக முதலாளிகள் வைத்திருக்கும் பெயர்களைச் சொல்ல வாய் கூசும்.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்குத்தான் அப்பாவின் பை வந்து சேர்ந்தது. பெருங்குடலில் புற்றுக்கட்டி. அறுத்து எடுத்துவிட்டு, இடது பக்க வயிற்றில் ஒரு துளை போட்டு, மலம் அதன் வழியாக ஒரு பைக்குள் இறங்கும்படி செய்து அனுப்பினார்கள். காயம் ஆற இரண்டு மாதம், அதன்பிறகு நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும், அது ஏறினால்தான் கட்டி திரும்பி வராமல் இருக்கும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்த அன்று அந்தத் துளையைப் பார்த்தேன். செக்கச்செவேலென்று, ஈரமாக, தானாகவே அசைந்துகொண்டிருந்தது. குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அப்பாவுக்குக் கேட்டிருக்கும். எங்கள் வீட்டுச் சுவர்கள் அப்படி.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அதனால் பை மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. அண்ணன் வெளியூரில் உட்கார்ந்துகொண்டு போனில் வாய் கிழியப் பேசுவான். "அப்பாவ ராஜா மாதிரி பாத்துக்கணும், என்ன?" என்பான். ஒரே ஒரு தடவை வந்தான். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அரைமணி நேரம் வாசலருகிலேயே நின்றான். கிளம்பும்போது சோப்புப் போட்டுக் கை கழுவினான். எதையுமே தொடாத கையை. அதைப் பார்த்தபோது துளையைப் பார்த்ததைவிட அதிகமாகக் குமட்டியது.

எனக்கு ஒரே மாதிரிதான் வேலை செய்யத் தெரியும். குளியலறைக் கதவில் ஒரு அட்டவணை ஒட்டினேன். நேரம், அளவு, நிறம், நாற்றம். நாற்றத்துக்குப் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண், சமையலறைகளுக்குப் போடுகிற அதே கணக்கு. ஐந்து என்றால் கடையை இழுத்து மூடச் சொல்லுவேன். காலையும் மாலையும் அப்பாவின் அறைக்குப் போவேன். இரண்டு ஜோடிக் கையுறை, முகமூடி. கட்டிலில் சாய்ந்திருப்பவரின் பையைக் கழற்றி, துடைத்து, புதியதை ஒட்டுவேன். நான்கு நிமிடம். வாயைத் திறந்தால் நாற்றம் உள்ளே போய்விடும் என்று ஒரு வார்த்தை பேச மாட்டேன். முகத்தையும் பார்க்க மாட்டேன். பார்த்தால் என் மூஞ்சியே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்பா நாற்பது வருடம் கோட்டு சூட்டு தைத்தவர். தையல் இயந்திரம் இன்னமும் அவர் அறையின் மூலையில்தான் இருக்கிறது. மிச்சத் துணியில் அந்தப் பைக்கு ஒரு சாம்பல் நிற உறை தைத்துப் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளர் மாதிரி என் முன்னால் திரும்பி நின்றார்.

"வெளிய தெரியுதாம்மா?"

"தெரியலப்பா."

"நாறுதா?"

நான் நேராகப் போய் அட்டவணையில் மூன்று என்று எழுதினேன். நான் நகர்ந்ததும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் அதைப் படித்தார். எல்லாருக்கும் மார்க் பார்க்கும் ஆசை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போகப்போக ஒரு விசித்திரம். பையில் வருவது குறைந்துகொண்டே வந்தது, நாற்றம் ஏறிக்கொண்டே போனது. நான்கு. மறுபடி நான்கு. அழுகல் நாற்றம். நர்ஸிடம் கேட்டதற்கு, பையை நல்லா அழுத்தி ஒட்டுங்க என்றாள். அழுத்தினேன், அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். தரை முழுக்க பினாயில் ஊற்றினேன். அந்த வீட்டில் ஒரு வாய் எனக்கு இறங்கவில்லை. நான் மூடச் சொல்லி, பிறகு திறந்த கடைகளில் நின்றுகொண்டே சாப்பிட்டேன், வெட்கக்கேடு.

இரண்டு மாதம் முடிந்து மருந்தேற்றப் போனோம். அப்பாவை எடை மேடையில் ஏற்றிய டாக்டரம்மா முள்ளைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கு. இந்த உடம்புல மருந்த ஏத்தினா மருந்தே ஆளைக் கொண்டுபோயிடும். மூணு வாரம் டைம் தரேன். ரெண்டு கிலோவாவது ஏறணும். ஏறலன்னா இனிமே மருந்து கிடையாது. அப்புறம் கட்டி எங்க வேணா கிளம்பும்."

"தட்டு காலியாத்தான் வருது டாக்டர்."

"ஒன்பது கிலோ! வீட்ல ஒருத்தர் கண்ணுக்குமா தெரியல?"

எனக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. எப்படித் தெரியும்? அப்பாவின் கால்சட்டை என்றைக்கும்போல இடுப்பில் கச்சிதமாக நின்றுகொண்டிருந்தது. அப்பா சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பாய்ந்தேன். "நீ அவருக்கு என்னத்தம்மா போடற?"

"ரெண்டு முட்டை, ரொட்டி, பாலு. அந்த டாக்டர் சொன்னதுதான். தட்டை நானே தடவிப் பாக்கறேன்டி, ஒரு துணுக்கு இருக்காது. உன்னைவிட எனக்கு அவர் மேல அக்கறை கம்மியா?" என்று அழ ஆரம்பித்தாள். அண்ணனுக்குப் போன் செய்தேன். "நீ சரியா கவனிக்கலையோ?" என்றான். அவன் முடிப்பதற்குள் வைத்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் பேசியிருந்தால் அசிங்க அசிங்கமாகத் திட்டியிருப்பேன்.

அப்பா உடை மாற்றிக்கொண்டு குளிக்கப் போனார். அவர் கட்டிலில் போட்டிருந்த கால்சட்டையை ஊறவைப்பதற்காக எடுத்து, கறை பார்க்க உள்பக்கத்தைத் திருப்பினேன். இடுப்பில், தொடையில், இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாகத் துணி. ஒரு தையலுக்குள் இன்னொரு தையல், அதற்குள் இன்னொன்று. உடம்பு இளைக்க இளைக்க, யாருக்கும் தெரியக்கூடாதென்று வாராவாரம் உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அம்மாவுக்குக் கண்ணில் புரை. என் கண்ணுக்கு என்ன வந்தது?

கையில் கால்சட்டையோடு நின்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா குளியலறையில் இருக்கிறார். பையும் அவரோடுதான் இருக்கிறது. ஆனால் நாற்றம் இந்த அறையில் இருக்கிறது.

வேலைக்குப் போகிற இடத்தில் செய்வதைப் போல வாசலுக்குப் போய் நின்று மூச்சை இழுத்தேன். இத்தனை நாளில் அந்த அறையை ஒரு தடவைகூட நான் முகர்ந்து பார்த்ததில்லை. நாற்றம் எங்கேயிருந்து வருகிறது என்பது தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டேன். மூக்கு நேராகத் தையல் இயந்திரத்துக்குக் கூட்டிப்போனது. அடியில் வெட்டுத்துணி போட்டுவைக்கும் மூட்டை. அவிழ்த்தேன். சாம்பல் நிறத் துண்டுகளில் சின்னச் சின்னப் பொட்டலங்கள், ஒவ்வொன்றும் நூலால் அழகாகக் கட்டியிருந்தது. ஒன்றைப் பிரித்தேன். கறுத்துக் கொழகொழத்த முட்டை. அதில் புழு. என் தொழிலில் இதைவிட மோசமானதையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே அந்த மூட்டையின் மேலேயே வாந்தி எடுத்தேன்.

நிமிர்ந்தபோது அப்பா வாசலில் நின்றார். தலையில் ஈரம்.

"வெளிய கொண்டு போட்டுடலாம்னுதான் இருந்தேன். உங்கம்மா காதைத் தாண்டிப் போக முடியல. கக்கூஸ்ல போட்டேன், அடைச்சுக்கிச்சு. அன்னைக்கு நீ போட்ட சத்தத்துக்கு அப்புறம் அதுவும் பயம்."

"ஏம்பா? ஏன் சாப்பிடல?"

"சாப்பிட்டா வருது. வந்தா நீ மூணு, நாலு போடற. ஒருநாள் பட்டினியா இருந்து பாத்தேன், ரெண்டு போட்ட. சரி, வழி தெரிஞ்சுபோச்சுன்னு விட்டுட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னமோ தெரியல, மறுபடி நாலுக்கே போயிடுச்சு. இன்னும் கொறைச்சுப் பாத்தேன். அப்பவும் எறங்கல."

எறங்காது. அந்த நான்கு அவருடையதே இல்லை. அவர் ஒளித்துவைத்த முட்டையின் நாற்றத்துக்கு அவருக்கு மார்க் போட்டிருக்கிறேன். மார்க் ஏற ஏற அவர் இன்னும் ஒளித்திருக்கிறார். தூ! இந்த மூக்கை வைத்துக்கொண்டு ஊரார் கடையை மூடினேன். பெற்றவரைப் பட்டினி போட்ட என்னை நினைத்துத்தான் இப்போது எனக்குக் குமட்டியது.

"அது நீங்க இல்லப்பா. இந்த மூட்டை."

அவர் மூட்டையைப் பார்த்தார். "அப்போ என்னோடது எவ்வளவு?"

நான் முகமூடி போடவில்லை. கிட்டே போய்க் குனிந்து, வயிற்றருகே முகர்ந்தேன். நாறத்தான் செய்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

"ரெண்டு."

"நெசமா?"

"ரெண்டுக்கெல்லாம் நான் கடையை மூடறதில்ல."

அவர் வாய் லேசாகக் கோணியது. கால்சட்டையைத் தூக்கிக் காட்டினேன். "துணிய வெட்டிட்டீங்களா?"

"எவனாவது வெட்டுவானா?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "உள்ள மடிச்சுத்தான் வெச்சிருக்கேன். பிரிச்சா பழைய அளவு வந்துடும்."

மூட்டையைத் தெருக்குப்பையில் போட்டேன். அட்டவணையைக் கிழித்தேன். கதவில் நாலு மூலையில் பசை மட்டும் நின்றது. அம்மா இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தாள். அப்பாவின் கட்டிலில், அவருக்கு எதிரே முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். கன்னம் ஒட்டிப்போய், யாரோ மாதிரி இருந்தார்.

முதல் முட்டையை மெல்ல மெல்லத் தின்றார். இரண்டாவதில் பாதி போயிருக்கும், உறைக்குள் பை நிறைகிற சத்தம் கேட்டது. நாற்றமும் வந்தது. கையில் மிச்சப் பாதியோடு தின்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என் தொண்டை தானாகவே எகிறியது. மறைக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கை தட்டுக்குத் திரும்பிப் போனது.

அந்தக் கையைப் பிடித்தேன்.

"எனக்குக் குமட்டத்தான் செய்யும். குமட்டிட்டுப் போகட்டும். நீங்க சாப்பிடுங்கப்பா."