எட்டு வீட்டுக் கம்பி

இங்வால்டைப் புதைத்த மூன்றாம் நாள் அவருடைய மூச்சு தொலைபேசிக் கம்பிக்குத் திரும்பி வந்தது. வடக்கு டகோட்டாவில் எங்கள் எட்டுப் பண்ணைகளுக்கும் ஒரே கம்பி. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மணிக் கணக்கு, ஒன்றுக்கு இரண்டு மணி, இன்னொன்றுக்கு மூன்று என்று. யாருக்கு மணி அடித்தாலும் எல்லோரும் எடுத்துக் கேட்போம். கோதுமைத் தூசி ஏறிய அந்த மூச்சில் ஒரு மெல்லிய விசில் உண்டு. அதை அறியாதவர் இல்லை. இங்வால்டுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் எண்ணைச் சுழற்றினோம். அந்த ஆண்டு கோதுமை விலை சுமார்தான்.

அவர் மனைவி பெரிட் மதியம் முழுக்க ரிசீவரைக் காதில் வைத்தபடி இருப்பாள்; யாராவது எண்ணைச் சுழற்ற வேண்டுமென்றால் மட்டும் வைப்பாள். தொலைபேசிக் கூட்டுறவுக்காரர்கள் மாதம் நான்கு டாலருக்கு வீட்டுக்கொரு தனிக் கம்பி தருவதாக வந்தபோது ஏழு வீடுகள் கையெழுத்துப் போட்டன. ஒரு வீடு மறுத்தாலும் பழைய கம்பியை எடுக்க முடியாது. பெரிட் இரண்டு ஆண்டுகள் மறுத்தாள்.

"உசுரோட இருந்தப்பவும் ஒட்டுக் கேட்டாரு, செத்தும் விடமாட்டேங்கிறாரே உங்க வீட்டுக்காரரு" என்றாள் பக்கத்துப் பண்ணை குன்ஹில்ட்.

"கேட்டுட்டுப் போறாரு. உன் வாய் ஓயுற வரைக்கும் அவருக்கு வேலை இருக்கே" என்றாள் பெரிட்.

ஆகஸ்டில் ஒரு மதியம் பெரிட் ரிசீவரை மடியில் வைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். குன்ஹில்டின் தொழுவத்தில் தீப்பிடித்தது. ரிசீவரை வைக்காமல் கம்பி திறந்தே கிடந்ததால் நகரத் தீயணைப்புக்கு அழைப்பு போகவில்லை. அவள் கத்தியது பெரிட்டின் மடிக்குள் கேட்டிருக்கும். பதினொரு கன்றுகள் வெந்து போயின. மறுநாள் யாரும் கேட்காமலே பெரிட் கையெழுத்துப் போட்டாள்.

அக்டோபரில் தனிக் கம்பி வந்தது. பெரிட் எடுத்துப் பார்த்தாள். வெறும் ரீங்காரம். கணவனை இரண்டாம் முறை புதைத்ததாக அழுதாள்.

நான்காம் நாள், இங்வால்டின் தம்பி டோர்ஃபின் வேலியைத் தாண்டி வந்தார். அந்த வேலியைப் பன்னிரண்டடி தள்ளிப் போட்டதில்தான் அண்ணன் தம்பி பேச்சு நின்று பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, அண்ணன் எங்க வீட்டு போன்ல இருக்காரு."

"உங்க வீட்டுலயா? உங்க பேரச் சொன்னாலே எந்திரிச்சுப் போயிருவாரே."

"எனக்கு மணி அடிச்சா போதும், அந்த விசில் வந்துரும். பத்தொம்பது வருசமா. அதான் யாருகிட்டப் பேசினாலும் முதுகு வலி, மாடு கன்னு எல்லாத்தையும் கொஞ்சம் சத்தமாவே சொல்லுவேன். அவருக்குக் கேக்கணும்ல."

பெரிட் கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தாள். வேலியில் ஆள் நுழையும் அளவுக்குக் கம்பி வெட்டப்பட்டிருந்தது.

டோர்ஃபினை மூன்று மணியிலிருந்து நான்கு வரை அழைக்க முடியாது என்று கூட்டுறவின் தொலைபேசிப் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது. அந்த நேரத்தில் காப்பி ஆறிக்கொண்டிருக்கும், ரிசீவர் மேசைமேல் கிடக்கும். அண்ணியும் கொழுந்தனும் மழை, மாடு, விலைவாசி என்று பேசுவார்கள், கொஞ்சம் சத்தமாகவே.