மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை

என் வீட்டுக்காரர் விர்யோ, லெபாக்வாரு ஊருக்குத் தலைவர். அவர் போட்ட சட்டங்களில் அவருக்கே ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. ஆபத்து என்று கெந்தோங்கானை யார் வேண்டுமானாலும் கொட்டலாம். ஆபத்து நீங்கிவிட்டது என்று கொட்டும் உரிமை தலைவருக்கு மட்டும்தான். சுற்றுப்பட்டுத் தலைவர்களையெல்லாம் வரவழைத்து, என் கையால் தேநீரும் அவித்த மரவள்ளியும் கொடுத்து, இதை அவர்களையும் ஒத்துக்கொள்ள வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் மாட்டுத் திருட்டு மலிந்து கிடந்தது. ராத்திரி கட்டின மாடு விடிந்தால் இருக்காது. காவல் நிலையத்துக்குப் போனால் போன மாட்டைத் தேடும் செலவுக்கு இருக்கிற மாட்டை விற்க வேண்டிவரும். அதனால் எங்களை நாங்களே காத்துக்கொண்டோம். வீட்டுக்கு வீடு வாசலில் குடைந்த மூங்கில் ஒன்று தொங்கியது. அதுதான் கெந்தோங்கான். மாடு காணாமல் போனால் ஐந்தைந்தாகக் கொட்ட வேண்டும். காதில் விழுந்த வீடெல்லாம் அதை வாங்கிக் கொட்ட வேண்டும். ஊர் தாண்டி ஊர் போக வேண்டும். ஆண்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வழிகளை மறித்து நிற்க வேண்டும். சும்மா இருந்த வீட்டுக்காரனை அடுத்த கூட்டத்தில் நிற்க வைத்து, உனக்கும் திருடனுக்கும் என்ன உறவு என்று கேட்பார்கள்.

திருடர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஊரில் கொட்டு எழும்பி ஆட்கள் திரண்டபோது, அவர்களில் ஒரு பயல் யார் வீட்டு மூங்கிலிலோ 'ஆபத்து நீங்கியது' என்று நிதானமாகக் கொட்டியிருக்கிறான். ஊரே நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டது. மாடுகள் போனவை போனவைதான். அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் மூளையில் இந்தச் சட்டம் உதித்தது. எங்கள் வீட்டு முன்னால் பலாக்கட்டையைக் குடைந்த பெரிய கெந்தோங்கான் தொங்குகிறது. அதில் அவர் கொட்டினால் நடுவில் ஓர் இழுப்பும் கடைசியில் ஒரு சொடுக்கும் இருக்கும். அந்தக் கையைத் தேக்கங்காட்டுக்கு அப்பாலும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

"மாட்டைத் திருடலாம், என் கையைத் திருட முடியுமா?" என்பார்.

ஐந்து நாளைக்கு ஒருமுறை கூடும் பஹிங் சந்தை நாள் அன்று. பெண்களில் பாதிப் பேர் சந்தைக்கும் ஆண்கள் நடவுக்கும் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் புது பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு, ஊரே பார்க்க மோட்டார் சைக்கிளில் வட்டார அலுவலகத்துக்குக் கிளம்பினார். என்ன வேலை என்று கேட்கிறீர்களா? ஊர்ப் பாதுகாப்புக் கூட்டம்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மார்த்தோ அண்ணனின் மருமகன் ஜுமாடி மாட்டை ஓட்டிக்கொண்டு என் வாசலைக் கடந்தான். ஓட்டிக்கொண்டு என்றா சொன்னேன்? மாடு முன்னால் போனது, இவன் கயிற்றின் நுனியில் தொங்கிக்கொண்டு போனான். கடற்கரைப் பக்கத்துப் பையன். கருவாடு விற்க வந்த இடத்தில் மார்த்தோ அண்ணன் மகள் தார்மியைப் பார்த்து, இங்கேயே தங்கிவிட்டான். கல்யாணமாகி இன்னும் ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை.

"ஏன்டா ஜுமாடி, நீ மாட்டைக் கூட்டிட்டுப் போறியா, மாடு உன்னைக் கூட்டிட்டுப் போகுதா?" என்றேன்.

"சிரிக்காதீங்க சித்தி. ராத்திரி பூரா கத்திக்கிட்டே இருந்துச்சு. மாமா வயல்ல நாத்து நட்டுக்கிட்டு நிக்கிறாரு, இன்னைக்கு விட்டா இன்னும் மூணு வாரம் ஆகும்னு என்னை அனுப்பிட்டாரு. தெகல்சுருவுல காளை இருக்காமே?"

"இருக்கு. காட்டு வழியா செலோபாங் ஊரைத் தாண்டிப் போ. காளையைப் பார்த்துப் பயந்து நீ மரத்துல ஏறிடாத."

"ஏறினா மாடே வழி கண்டுபிடிச்சு வந்துடும்," என்று சிரித்துக்கொண்டே போனான். நல்ல பையன். கேலி செய்தால் கூடச் சேர்ந்து சிரிப்பான். அவன்மேல் எனக்குத் தனிப் பிரியம்தான்.

வெயில் ஏறியபின் நான் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தபோது ஐந்தைந்தாகக் கொட்டு எழுந்தது. எங்கள் ஊர்தான். எந்த வீடு என்று புரிவதற்குள் பக்கத்து வீடு வாங்கிக்கொண்டது, அதற்கடுத்ததும். நானும் போய்க் கொட்டினேன். தலைவர் வீடே சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும்? ஜுமாடி மாட்டோடு போனதை என் மண்டை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கொட்டு கேட்டால் கை தானாகப் போகும், அப்படிப் பழக்கி வைத்திருந்தார்கள். முதலில் கொட்டு, பிறகு தேடு.

தார்மி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். சந்தைக் கூடை இன்னும் இடுப்பிலேயே இருந்தது.

"சித்தி, மாடு போச்சு சித்தி! சந்தையிலேர்ந்து வந்து பாக்கிறேன், கொட்டில் காலி, படல் தொறந்து கிடக்கு. பட்டப் பகல்லயே வந்துட்டானுங்க!"

என் கையிலிருந்த கொட்டுக்கோல் நழுவிவிட்டது.

"அடிப் பாவி, உன் புருஷன்தாண்டி ஓட்டிட்டுப் போனான்! காளைக்கு! உங்கப்பாதான் அனுப்பினாரு!"

அவள் என்னையே பார்த்தாள். "இல்லையே, அவர் அப்பாகூட வயல்ல..." என்றவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கூடை கீழே விழுந்து கருவாடும் வெங்காயமும் சிதறின.

அதற்குள் கொட்டு காட்டைத் தாண்டிவிட்டிருந்தது. செலோபாங் வாங்கிக்கொண்டது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. ஜுமாடி அப்போது எங்கே இருப்பான் என்று கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. அங்கேதான் இருப்பான். முகம் தெரியாத ஊரில், பேச்சில் கடற்கரை வாடை அடிக்கிற ஒருவன், தனக்கு அடங்காத மாட்டை இழுத்துக்கொண்டு.

சட்டமாவது மண்ணாவது என்று பெரிய கெந்தோங்கானில் 'ஆபத்து நீங்கியது' என்று கொட்டினேன். எங்கள் ஊரில் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள், விஷயம் தெரிந்தது, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். செலோபாங் நிறுத்தவில்லை. அதற்கப்பால் தெகல்சுருவும் சேர்ந்துகொண்டது.

"இன்னும் பலமா கொட்டுங்க சித்தி!"

"கொட்டிக்கிட்டுத்தானேடி இருக்கேன்!"

"சித்தப்பா கொட்டுற மாதிரி கொட்டுங்க. அவர் கைன்னு நினைக்கணும்."

நானும் அதற்குத்தான் முயன்றேன். அந்த இழுப்பை அடுப்படியிலிருந்து எத்தனையோ வருஷமாகக் கேட்டவள் நான். ஆனால் கைக்கு வரவில்லை. இழுக்க வேண்டிய இடத்தில் தடுக்கியது, சொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு தடவை விழுந்தது. தார்மி கோலைப் பிடுங்கி அவளும் கொட்டிப் பார்த்தாள். இன்னும் மோசம். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் ஒரு கொட்டில் முடித்திருப்பார். அவர் வட்டார அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை.

மார்த்தோ அண்ணன் வயலிலிருந்து முழங்கால் வரை சேறோடு ஓடி வந்தார். "யாரு மாடு போச்சு தங்கச்சி?"

"உங்க மாடுதான் அண்ணே. நீங்க அனுப்பின மாடு."

அவர் மகளைப் பார்த்தார். அவள் கையில் இருந்த கோலைப் பார்த்தார். காட்டுப் பக்கம் திரும்பி ஓடப் போனவரை நான்தான் பிடித்து நிறுத்தினேன். கொட்டு ஒலிக்கும்போது காட்டு வழியில் ஓடுகிற எவனும் திருடன்தான். மேல்சட்டை இல்லாமல், சேறும் சகதியுமாக, அவரையும் சேர்த்துப் பறிகொடுக்க வேண்டியிருக்கும். வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் கிமினைக் கூப்பிட்டு அவரை ஏற்றி அனுப்பினோம். சாலை பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகும். வேறு வழி இல்லை.

அப்புறம் எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. நின்று கேட்டோம். அந்தக் கொட்டு தெற்கே போனால் தெற்கே பார்த்தோம், ஓடைப் பக்கம் திரும்பினால் ஓடைப் பக்கம் திரும்பினோம். ஓடிக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது. ஓடாதே, நின்று பேசு என்று மனசுக்குள் கத்தினேன். உடனே, நிற்காதே, ஓடு என்று கத்தினேன். எது நல்லது என்று எனக்கே தெரியவில்லை.

திடீரென்று செலோபாங்கில் கொட்டு குறைந்தது. ஒரு வீடு நின்றது, இன்னொரு வீடு நின்றது, எல்லாம் நின்றது.

தார்மி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாகக் குதித்தாள். "நின்னுடுச்சு சித்தி! நம்ம கொட்டைக் கேட்டுட்டாங்க!"

கொட்டு எதற்கு நிற்கும் என்று தலைவர் பெண்டாட்டிக்குத் தெரியும். தேடுகிறவன் கோலைக் கீழே போட்டு ஓடுவது தேடியது அகப்பட்டபோதுதான். ஆனாலும், "ஆமாடி, கேட்டிருப்பாங்க," என்றேன். வேறு என்ன சொல்வது? ஒருவேளை உண்மையாகவே கேட்டிருக்கலாம் என்று எனக்கும் ஆசைதானே.

அவள் மண்ணில் சிதறிய கருவாட்டைப் பொறுக்கித் துடைத்தாள். "இதுக்காகத்தான் சந்தைக்கே போனேன். ஊரு ஞாபகம் வந்துடுச்சுன்னு நேத்துலேர்ந்து புலம்பல். வந்து என்னைத் திட்டப் போறாரு, கொட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்க மாட்டியான்னு." என் அடுப்பிலேயே வறுக்க உட்கார்ந்துவிட்டாள். நான் வாசலிலேயே நின்றேன்.

சாலை வழியாக யாரும் வரவில்லை. காட்டு வழியாகத்தான் வந்தார்கள், செலோபாங் ஆட்கள் நாலு பேர், நடுவில் மாடு. எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது, முகத்தில் சந்தோஷம். என் வாசலுக்கு வந்ததும் மரியாதையாகச் செருப்பைக் கழற்றினார்கள். முன்னால் வந்தவன் கயிற்றை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான்.

"தலைவர் இல்லீங்களா அக்கா? உங்க ஊர் மாடுதானே இது? நல்லாப் பாத்துக்கங்க, ஒரு கீறல்கூட இல்ல. அடி ஒண்ணும் மாட்டுமேல விழாம பாத்துக்கிட்டோம்."

கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

"உங்க மாடுன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கலியே?" என்று இன்னொருவன் சிரித்தான். "அவனே சொல்லிட்டான்! லெபாக்வாரு மார்த்தோ மாடுன்னு, யாரும் கேக்காமலே. திருட்டுப் பய, வாயாலேயே ஒத்துக்கிட்டான்."

"பலே கூட்டம் அக்கா," என்றான் முன்னால் நின்றவன். "நடுவுல ஒருத்தன் உங்க பக்கத்துலேர்ந்து ஆபத்து நீங்கிடுச்சுன்னு கொட்டுறான்! தலைவர் காலையிலயே போனதை நாங்க ரோட்டுல பாத்தோமே. அந்தத் தப்புக் கொட்டைக் கேட்ட பிறகுதான் எங்க ஆளுங்களுக்கு நிச்சயமாச்சு, இவன் தனியா வந்தவன் இல்லன்னு. அப்புறம் யாரு கையைப் பிடிக்க முடியும்? போலீஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

கருவாடு வறுபடும் சத்தம் நின்றுபோனது. தார்மி கதவுக்கருகில் வந்து நின்றாள். கையில் கரண்டி. நான் அவளை உள்ளே போ என்று சொல்லியிருக்க வேண்டும்.

"அவர் வேற என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

திருடனைப் போய் 'அவர்' என்கிறாளே என்று அந்த ஆள் கொஞ்சம் தடுமாறினான். வயதில் சின்னவன், நம்மைப் பாராட்டத்தான் கேட்கிறாள் என்று நினைத்திருப்பான். நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"மாமனார் மாடு, மாமனார் மாடுன்னுதான் கத்தினான். எல்லாத்தையும் விசாரிச்சுப் பாடம் பண்ணிட்டு வந்திருக்கான் தங்கச்சி. பொண்டாட்டி பேருகூட வச்சிருந்தான். தார்மியாம். தார்மியைக் கூப்பிடுங்க, அவ சொல்லுவான்னு கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தான். அப்படி யாராச்சும் இருக்காங்களா இந்த ஊர்ல?"

"இருக்கா," என்றாள் தார்மி.