மூன்று மணி நேரம் தாங்கும் டீசல்

வாடிப்பட்டிக்குப் பெண் கேட்கப் போன சூரியபிரகாஷ், வருங்கால மாமனாரின் டீசல் இஞ்சினைக் கொன்றுவிட்டான். நெல்லுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த இஞ்சின் அது. ஆளில்லாத நேரம் பார்த்து, எல்லாரையும் அசத்திவிடலாம் என்று தான் கொண்டுவந்த கலவைக் கேனை அதன் டேங்கில் கவிழ்த்தான். இஞ்சின் நாலு தரம் இருமி, வெள்ளைப் புகை கக்கி, நின்றுபோனது.

ஆறு வருடமாக அவன் ஆராய்ச்சியே இதுதான். டீசலோடு புங்க எண்ணெயில் செய்த பயோடீசலையும் கொஞ்சம் தண்ணீரையும் மோர் போலக் கடைந்து, ஒரே ஒரு சொட்டை மெல்லிய கம்பியில் தொங்கவிட்டுச் சூடேற்றுவான். உள்ளேயிருக்கும் தண்ணீர் முந்திக்கொண்டு கொதித்துச் சொட்டைச் சிதறடிக்கும். பொடிப்பொடியான துளிகள் குறைந்த புகையோடு எரியும். இதுவரை எரித்த சொட்டுகளையெல்லாம் சேர்த்தாலும் ஓர் அகல்விளக்குக்குக் காணாது.

கூடவே ஆராய்ச்சி செய்யும் சத்யப்ரியா, அப்பாவைப் பார்க்கப் பூவும் பழமும் போதும் என்றுதான் சொன்னாள். கேட்டானா? கேனோடு பஸ் ஏறினான். வீட்டில் கோழிக்குழம்பு. இலையை விட்டு எழவிட்டால்தானே? கலவை மூன்று மணி நேரம்தான் தாங்கும், பிறகு தண்ணீர் பிரிந்து அடியில் தங்கிவிடும் என்று தன் ஆய்வேட்டில் தானே எழுதியது, மூன்றாம் முறை சோறு வாங்கியபோது அவனுக்கு நினைவில்லை.

சத்யப்ரியாவின் அப்பா கருத்தக்கண்ணன், பெண் விஷயத்தில் காலையிலிருந்து “பாப்போம்” என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். இஞ்சின் நின்றபின் அதையும் சொல்லவில்லை.

பரவையிலிருந்து வந்த மெக்கானிக் இம்மானுவேல், டேங்கின் அடியில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, பங்க்கில் கலப்படம் என்று தீர்ப்பெழுதினார். தப்பிக்க இதைவிடத் தோதான வழி கிடைக்காது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். சூரியபிரகாஷுக்கு அதுகூட வரவில்லை.

“தண்ணிய ஊத்துனது நான்தாண்ணே.”

“எதுக்கு?”

“ஆராய்ச்சிண்ணே.”

“எம்புட்டு வருசமா?”

“ஆறு.”

அதற்கு மேல் கேட்பது பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, இம்மானுவேல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார். டேங்கைக் கழுவி, குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றி, நல்ல டீசல் ஊற்றிச் சுற்றியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் மறுபடி தண்ணீர் ஓடியது.

சூரியபிரகாஷ், அதுவரை பக்கத்திலேயே நின்றிருந்த கருத்தக்கண்ணனிடம் கேட்டான். “மாமா, பொண்ணு விசயம்… இனிமே கேக்கலாமா, கூடாதா?”

கருத்தக்கண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“காலிக் கேன அப்பவே பாத்துட்டேன். நீயாச் சொல்றியான்னுதான் இருந்தேன். பொண்ணு தாரேன் மாப்ள. ஆனா இஞ்சின் பக்கம் வரக் கூடாது.”