மைதானத்துக்கு அனுப்பப்பட்டவர்கள்

மஸ்கெலியாவுக்கு மேலேயுள்ள அந்தத் தோட்டப் பாடசாலையில் இனப்பெருக்கச் சுகாதாரப் பாடத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுக்கொரு தடவை மருத்துவிச்சி வருவார். பத்தாந்தரத்து மாணவிகளை வகுப்பில் இருத்தி, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். அந்நேரம் மாணவர்கள் மைதானத்துக்கு அனுப்பப்படுவார்கள். உள்ளே என்ன பேசப்பட்டிருக்கும் என்பதை அவர்கள் தாங்களாகவே கற்பனை செய்துகொண்டு, மறுநாள் பஸ் தரிப்பிடத்தில் மாணவிகளிடம் கேட்டுச் சிரிப்பார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று வந்த நிரூபா டீச்சர் இவ்வழக்கத்தைப் பின்பற்றவில்லை. இரு சாராரையும் ஒன்றாக இருத்தி, மாதவிடாய் ஏன் வருகிறது என்பதைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். முதற்பாடத்தில் கடைசி வாங்கில் அமர்ந்திருந்த மாணவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த பாடத்தில் அச்சிரிப்பு அடங்கிவிட்டது. பஸ் தரிப்பிடத்துக் கேலியும் குறைந்திருப்பதாக மாணவிகள் தெரிவித்தார்கள். கருத்தரிப்பும், விருப்பமில்லாத தொடுகையை மறுப்பதும் இன்னும் கற்பிக்க வேண்டியிருந்தன.

அதற்குள், தோட்டத் தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணி கந்தப்பன், பெற்றோர் சிலரைத் திரட்டிக்கொண்டு பாடசாலை அதிபரின் அறைக்கு வந்துவிட்டார். அவருடைய மகள் தனுஷிகா அவ்வகுப்பில்தான் படித்தாள்.

"பொம்பளப் புள்ளைங்களுக்குப் பக்கத்துல பயலுகள ஒக்கார வச்சு இந்த அசிங்கத்தப் பேசுறாங்க, சேர். இவங்க வீட்டுல இப்படித்தான் பேசிக்குவாங்களோ என்னமோ."

அங்கே அழைக்கப்பட்டிருந்த நிரூபா எழுந்து நின்று, தனுஷிகாவின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு அவளுடைய படத்தைப் பெரிய பேனராக அடித்துச் சந்தியில் அவர் கட்டியிருந்ததைப் பணிவுடன் நினைவூட்டினார். மாணவர்கள் எல்லாரும் பார்த்துவிட்ட ஒன்றின் காரணத்தை மட்டும் அவர்களுக்கு மறைப்பதால் என்ன பயன் என்றும் வினவினார்.

"அது சடங்கு. எங்க சடங்கப் பத்தி நீங்க வாயத் தொறக்காதீங்க."

கல்யாணமாகாத இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியுமாம் என்று பின்னாலிருந்து ஒரு தாய் கேட்க, அறை சிரித்தது. அதிபர் நல்லமுத்து நிரூபாவின் முகத்தைப் பார்க்காமலேயே தீர்ப்புச் சொன்னார். மாணவர்கள் வழமைபோல் மைதானத்துக்குப் போக வேண்டும், இல்லையேல் அந்தப் பாடமே வேண்டாம். மாணவிகளுக்காவது எஞ்சியது கிடைக்கட்டும் என்று நிரூபா ஒப்புக்கொண்டார்.

அடுத்த பாடத்தன்று கந்தப்பன் நேரிலேயே கண்காணிக்க வந்து, வகுப்பு வாசலை மறித்துக் கைகட்டி நின்றார். நிரூபா படத்தை வரைந்து முடிக்கவில்லை. அதற்குள் மைதானத்திலிருந்து ஒரு மாணவனின் குரல் உரக்கக் கேட்டது.

"தனுஷிகா, இன்னிக்கு டீச்சர் என்னா படம் போடுறாங்க? ஒன் பேனரா?"

விசில்கள் எழுந்தன. தனுஷிகா மேசைமீது முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். கந்தப்பன் கொதிப்புடன் நிரூபாவின் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பயலுகளுக்கு நீங்க ஒண்ணுமே சொல்லிக் குடுக்கிறதில்லயா, டீச்சர்?"

"சொல்லிக் குடுத்துக்கொண்டுதான் இருந்தனான். நீங்கள்தானே வெளியில விடச் சொன்னீங்கள். இப்ப உள்ளுக்குக் கூப்பிடட்டோ?"

கந்தப்பன் மகளின் கவிழ்ந்த தலையைப் பார்த்தார். பின்பு மைதானத்தை நோக்கி, எல்லாரும் உள்ளே வரும்படி அதட்டினார்.

"நான் இங்கனதான் நிப்பேன். ஒரு வார்த்த தப்பா வந்துச்சுன்னா, அப்புறம் இருக்கு ஒங்களுக்கு."

அவர் வாசலிலிருந்து சற்றே விலகினார். மாணவர்கள் அவரை உரசிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே வந்து அமர்ந்தார்கள். நிரூபா படத்தின் மீதியை வரையத் தொடங்கினார்.