இரட்டை விசில்

அமெரிக்காவில் நீளம் தாண்டுவதற்காக ஓடிவந்து எழும்பிய யாழினி, திருச்சி காட்டூர் மூன்றாவது குறுக்குத் தெருவில் ஜெகபர் சாதிக் வீட்டு வாசலில் மாடி கட்டக் கொட்டியிருந்த மணலில் வந்து விழுந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். அன்றைக்குத் தெருவில் குழாய்த் தண்ணீர் வரும் நாள் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளைப் பெற்ற பொன்னுத்தாயே நிறைந்த குடத்தை நகர்த்தி அடுத்ததை வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். மகள் ஆரஞ்சு நிற பனியனில், மார்பில் முறைக்கும் கரடிப் படத்தோடு, தலையெல்லாம் மணலாக உட்கார்ந்திருந்தாள். "என்ன பாப்பா, இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்று கேட்டாள் பொன்னுத்தாய்.

இது ஏன் நடந்தது என்பதில் தெருவில் இரண்டு கருத்து கிடையாது. காட்டூரிலிருந்து வெளிநாடு போன மற்ற பிள்ளைகள் எல்லாம் காருக்குள் உட்கார்ந்துகொண்டு 'பை' என்று கையாட்டிப் போனவர்கள். பை என்றால் பை, அவர்கள் அதோடு போனார்கள். யாழினி மட்டும், ஏர்போர்ட் போகும் வண்டி ரிவர்ஸ் எடுக்க வழிவிட்டு மணல்மேல் ஏறி நின்று, அங்கிருந்தபடியே அம்மாவிடம், "போயிட்டு வரேன்மா" என்று வாய்நிறையச் சொன்னாள். பொன்னுத்தாயும், "போயிட்டு வா" என்றாள். மணல்மேல் நின்று வரேன் என்று சொன்ன பெண், காலுக்கடியில் தரை இல்லாத நேரம் பார்த்து அதே மணலுக்கு வந்து சேர்வதில் என்ன அதிசயம் என்று ஜெகபர் சாதிக் கேட்டார். துபாயில் பல வருஷம் இருந்தவர், இதைவிடத் தாமதமாக வந்த விமானங்களைப் பார்த்தவர்.

திரும்பிப் போவதற்கும் அதே முறைதான். மணலில் நின்று "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும், பெற்றவர் பதில் சொல்ல வேண்டும், எழும்பினால் ஓஹையோவில் அவள் படிக்கும் சின்னக் கல்லூரியின் மைதானத்துக் குழியில் போய் விழுவாள். பதில் வராமல் எழும்பினால் ஜெகபர் சாதிக் வீட்டு கேட்டில்தான் முட்டிக்கொள்வாள். சிக்கல் என்னவென்றால், காட்டூரில் யாரும் யாரையும் சட்டென்று அனுப்பிவைத்ததாகச் சரித்திரம் இல்லை. போயிட்டு வரேன் என்ற பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் என்ற பெயரில் பருப்புத் தண்ணீர் ஊற்றியதையும், விடுதியில் காசு போட்டுத் துணி துவைக்கும் மெஷின் ஒரு காலுறையை மட்டும் தின்றுவிட்டதையும், பரீட்சைக்கு முந்தின நாள் நூலகத்தில் பிள்ளைகள் செருப்பில்லாமல் நடமாடுவதையும் யாழினி கேட் பக்கத்தில் நின்றே சொல்லி முடிப்பாள். அங்கே அவளுடைய கோச் மார்லீன் குழியோரம் நாற்காலி போட்டு ஒரு கோப்பை காப்பி குடித்து முடிக்கும்போது அவள் வந்து விழுவாள். சின்னப் போட்டிகளின் நடுவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒருவர் எவ்வளவு நேரம் அந்தரத்தில் இருக்கலாம் என்று அதில் எழுதப்படவில்லை. ஆகவே டேப்பைப் பிடித்து அளந்து போட்டுக்கொண்டார்கள்.

இதில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் குறை, அது அப்பா தங்கையனுக்கு. அவர் ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர், சாயங்கால ஷிப்ட். கோச் தாண்ட விடுவது வியாழனும் சனியும், அங்கே காலை, இங்கே சாயங்காலம். தங்கையனுக்கு வார விடுமுறை திங்கள். ஒரு வியாழக்கிழமை லீவு போட்டு, புதுச் சட்டை மாட்டிக்கொண்டு மணல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றைக்குப் பார்த்து ஓஹையோவில் பனி கொட்டி மைதானத்தை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு கேட்ட லீவு எதுவும் கிடைக்கவில்லை. மற்ற நாட்களில் அவர் காவிரிப் பாலத்து நெரிசலில் நின்றுகொண்டு, "படியில நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று கத்திக்கொண்டிருக்கும்போது மகள் வந்து போயிருப்பாள். வீடு திரும்பினால் மணலில் ஒரு பள்ளமும் ஷூ தடமும் மட்டும் இருக்கும். நாய் வந்து கலைத்துவிடாமல் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து மூடிவைப்பார். காலையில் திறந்து பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவார். வீடியோவில் தினமும் பேசினார்தான், ஆனால் பார்த்த மாதிரி இல்லை. இரண்டு வருஷமாகத் தெரு முழுக்கப் பார்த்த தன் பெண்ணைத் தான் மட்டும் பார்க்கவில்லை என்று அவருக்கு உள்ளூர அழுகை வந்தது.

இதற்கிடையில் யாழினி படிப்பிலும் பெயர் வாங்கினாள். ஜியாலஜி மாணவி அவள். பகுதி நேரமாக ஆய்வுக்கூடத்தில் மண்ணைச் சலித்து வகைபிரிக்கும் வேலை. தன் காலுறையில் ஒட்டி வந்த மணலைப் பேராசிரியரிடம் கொடுத்தாள். அவர்கள் அதைக் கழுவி, காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, இதில் ஆற்று மணல் பாதிகூட இல்லை, மீதியெல்லாம் கல் உடைத்த தூள் என்று படத்தோடு ஒரு ஆய்வறிக்கை எழுதினார்கள். மறு வியாழக்கிழமை அது ஜெகபர் சாதிக் கைக்கு வந்தது. அசல் ஆற்று மணல் என்று சத்தியம் பண்ணிக் கொட்டிவிட்டுப் போன லாரிக்காரர் முன்னால் அதை அவர் விரித்துக் காட்ட, அமெரிக்காவரைக்கும் போய்ச் சோதித்த மனிதரோடு மல்லுக்கட்ட முடியாமல் லாரிக்காரர் நல்ல மணல் ஒரு லோடு கொண்டுவந்து போட்டார். அதில் மாடி கட்டி முடித்த பிறகும் ஒரு குவியலை ஜெகபர் சாதிக் அப்படியே விட்டுவைத்தார். "பிள்ளைக்கு இடுப்புல அடிபடக் கூடாதுல்ல, அண்ணே," என்றார் தங்கையனிடம்.

மூன்றாம் வருஷம் மே மாதம் சோதனை வந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான பெரிய போட்டிக்குத் தலைமை நடுவராக வந்த அம்மாள் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அந்தரத்தில் தங்குவதைப் பற்றி எழுதப்படவில்லை என்றால் இப்போது எழுதிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். பெயர் கூப்பிட்ட ஒரு நிமிஷத்துக்குள் குழியில் விழ வேண்டும், இல்லையென்றால் சிவப்புக் கொடி. மூன்று வாய்ப்பு. மூன்றில் ஒன்றுகூடச் செல்லாவிட்டால் யாழினிக்குத் தாண்டுவதற்காகக் கிடைத்துவந்த உதவித்தொகை நின்றுபோகும், படிப்பை அரையும் குறையுமாக விட்டுவிட்டு ஊருக்கு வர வேண்டியதுதான். இதைக் கேட்ட பொன்னுத்தாய், "வந்தா வரட்டுமே, இங்க காலேஜ் இல்லையா?" என்றாள். தங்கையனுக்கும் அந்த நினைப்பு வராமல் இல்லை. வந்துவிட்டால் தினமும் பார்க்கலாம்.

போட்டியன்று சாயங்காலம் அவர் பாதி டூட்டியை இன்னொரு கண்டக்டருக்கு மாற்றிவிட்டு, காக்கிச் சட்டையும் தோள்பையுமாக ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பினார். வழியில் பால்பண்ணை சந்திப்பில் வண்டிகள் நகரவில்லை. அதற்குள் காட்டூரில் யாழினி ஒரு தடவை வந்துவிட்டாள். ஒரே வார்த்தையில் அனுப்பிவிட வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிப் பழகியிருந்த பொன்னுத்தாய், மகள் முகத்தைப் பார்த்ததும், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டாள். அங்கே சிவப்புக் கொடி. இரண்டாம் தடவை அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கையை எடுத்ததும் "போயிட்டு..." என்றுதான் வந்தது, 'வா' வருவதற்குள் நிமிஷம் கடந்துவிட்டது. மறுபடியும் சிவப்புக் கொடி. தங்கையன் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடிவந்தபோது மணலில் இரண்டு பள்ளங்கள் இருந்தன, பொன்னுத்தாய் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்னால அவளைப் போன்னு சொல்ல முடியலைங்க," என்றாள்.

"நீ சொல்ல வேண்டாம்," என்றார் தங்கையன். "நாள் முழுக்க அதைச் சொல்லித்தான் நான் சம்பளம் வாங்குறேன்."

பையிலிருந்து விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். திருச்சியில் பஸ் ஏறிய எல்லோருக்கும் தெரியும்: ஒற்றை விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரட்டை விசில் கொடுத்தால் கிளம்பும். ஜெகபர் சாதிக் மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். குழாயடியில் இருந்தவர்கள் குழாயை மூடினார்கள், அந்தத் தெருவில் தண்ணீர் வரும் நேரத்தில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை.

யாழினி வந்தாள். குதிகால் மணலைத் தொட்டது. தங்கையன் இரண்டு வருஷம் தொட்டியைத் திறந்து திறந்து தேடிய பெண் எதிரே நின்றாள். நெற்றியில் வேர்வை, அம்மா சொன்னதைப் போலக் கொஞ்சம் இளைப்பு, காதில் அவர் வாங்கிக்கொடுத்த தோடு. காக்கிச் சட்டையைக் கண்டதும் அவள் முகம் அப்படியே மலர்ந்தது. தங்கையன் விசிலை ஊதினார். ஒன்று ஊதியதும் மூச்சு நின்றுவிட்டது. தெருவும் நின்றது. யாழினிக்குப் புரிந்தது, அப்பா எந்த விசிலைக் கொடுத்தாலும் சரி என்பதுபோல அவரையே பார்த்தாள். அந்த ஒன்றோடு விட்டிருந்தால் அவள் நின்றிருப்பாள், நாளை முதல் வீட்டில் இருந்திருப்பாள். அது அவருக்கும் தெரியும்.

"அப்பா, போயிட்டு..." என்றாள் யாழினி.

தங்கையன் இரண்டாவது விசிலை ஊதி, விசிலை வாயிலிருந்து பிடுங்கி, ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும் குரலில், "போலாம் ரைட்!" என்று கத்தினார்.

ஓஹையோவில் யாழினி குழியில் விழுந்தபோது நிமிஷம் முடியவில்லை. விழும்போது அவள் "வரேன்" என்று உரக்கச் சொன்னதாக நடுவர் அம்மாள் பிறகு சொன்னார். அது யார் என்று கேட்டதற்குக் கோச் மார்லீன் யோசித்து, அவளுடைய அப்பா பெயராக இருக்கும் என்றார். வெள்ளைக் கொடி உயர்ந்தது. அளந்தார்கள், மூன்றாமிடம். உதவித்தொகைக்கு அது போதும்.

காட்டூரில் மணலில் அந்த இரண்டு பள்ளங்களும் இப்போது குதிகால் பட்ட அடையாளமும் தவிர வேறொன்றும் இல்லை. தங்கையன் அன்றைக்கு அதைத் தொட்டியால் மூடவில்லை. "ட்ரிப் போன வண்டி வராமலா போகும்?" என்று பொன்னுத்தாயிடம் சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, மீதி டூட்டி பார்க்கக் கிளம்பிப் போனார். அடுத்த மாதம் கேட்டு வாங்கிக் காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். பயிற்சி நாட்களில் அவசரம் இல்லை என்பதால் கேட் பக்கத்துப் பேச்சு பழையபடி நீள்கிறது. கோச்சின் காப்பி ஆறிவிடும் என்று தோன்றும்போது தங்கையன் விசிலை எடுக்கிறார். முதல் தடவை ஊதினால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்தப் போட்டி முடிந்த மறு வியாழக்கிழமையே யாழினி வந்தாள். அன்றைக்கும் தண்ணீர் வரும் நாள்தான், பொன்னுத்தாய் அடுத்த குடத்தை வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.