மடிப்பு இல்லாத கவுன்

கவுனைப் புரட்டிப் பார்த்ததும் மாயக்காளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூட வந்திருந்த மகள் பேச்சிக்கு நான்கு வயது. பொங்கலுக்கு எடுத்த மஞ்சள் பூப்போட்ட சீட்டித் துணி அடுத்த பொங்கலுக்கும் ஆகவேண்டும் என்றுதான், பிள்ளை வளர வளரப் பிரித்து இறக்கிவிடும்படி அடியில் ஒரு சாண் உள்மடிப்பு விடச் சொல்லியிருந்தாள். திருமங்கலத்துத் தையல்காரர் நல்லகாமன் அளவோடு வெட்டித் தைத்திருந்தார்.

"மடிப்பு எங்கண்ணே?"

"துணி பத்தல தாயி. பிள்ளைக்குக் கச்சிதமா இருக்குல்ல?"

"மடிப்புக்கும் சேத்துத்தான் எடுத்துக் குடுத்தேன். மிச்சம் எங்க?"

"வெட்டுல போயிருச்சு."

கடைக்குள் தொங்கிய ஒரு வெள்ளைக் கவுனுக்குக் காலரும் பையும் அதே மஞ்சள் பூத் துணியில் இருந்தன. மாயக்காள் அதைக் கையில் பிடித்தாள்.

"இது யாரு வீட்டுது?"

"மில்லு மேனேஜர் வீட்டுப் பிள்ளைக்கு. கொஞ்சூண்டு துண்டுதான தாயி."

"அந்தக் கொஞ்சூண்டுதாண்ணே என் பிள்ளைக்கு அடுத்த வருசம். பிரிங்க. பிரிக்காம நான் போகமாட்டேன்."

வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டாள். வந்தவர்களெல்லாம் என்னவென்று கேட்க, ஒவ்வொருவரிடமும் சத்தமாகச் சொன்னாள். கடைசியில் நல்லகாமன் முணுமுணுத்துக்கொண்டே பிளேடை எடுத்தார். பிரித்த துண்டுகளை ஒட்டுப்போட்டு அடியில் மடித்துத் தைத்தார். ஒரு சாண் மடிப்புக்கு நாலு விரற்கடைதான் தேறியது. மாயக்காள் பாதிக் கூலியை மிஷின் மேல் வைத்துவிட்டு இறங்கினாள். அவர் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அந்தக் காலர் அழகா இருந்துச்சும்மா. எனக்கும் வைக்கச் சொல்லு," என்றாள் பேச்சி.

பல்லைக் கடித்துக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தபடி மாயக்காள் பஸ்ஸுக்கு நடந்தாள்.